கரையில் நின்றவர்கள்: இளமை நினைவுகளின் நிலைபேறு குறித்து ஒரு நோக்கு

1

இளமையிற் கற்றது கல்லில் எழுதிய எழுத்துப் போன்றது என்பதும், பசுமரத்தில் அறைந்த ஆணி போன்றது என்பதும் தமிழர் நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்துக்களாகும். இளம் உள்ளம் மென்மையானது. அதிற் பதிந்தது எதுவும் அழியாது என்னும் நம்பிக்கையே இவற்றின் அடிப்படை. ஆயின் மனித அனுபவம் இந்நம்பிக்கைக்கு முழுமையாகச் சான்று பகர்வதில்லை. மூன்று வயதுக்கு முன் தமக்கு நிகழ்ந்தவற்றுள் ஒன்றையேனும் தெளிவாகக் கூறவல்லோர் மிகச் சிலரே. முதல் நடையையும் முதற் சொல்லையும் எவரும் நினைவிற் கொண்டிருப்பதில்லை. வாழ்க்கையின் மிகப் பெரிய கற்றல்கள் நடைபெற்ற ஆண்டுகளே நினைவின் மிகப் பெரிய வெற்றிடமாகவும் உள்ளன. அதே வேளை, ஐந்து வயதிற் கண்ட ஒரு சேலையின் நிறமோ, மழை நாளொன்றின் மண்மணமோ எழுபது வயதிலும் மங்காது நிற்பதுண்டு. நிற்பது எது, மறைவது எது என்பதை அவ்வந் நிகழ்ச்சியின் பெருமை சிறுமை தீர்மானிப்பதாகத் தோன்றவில்லை. அவ்வாறாயின் அதனைத் தீர்மானிப்பது யாது?

இவ்வினா உளவியலாளருக்கு மாத்திரம் உரியதன்று. தன்வரலாறும், இடப்பெயர்வு இலக்கியமும், ஊர் வரலாறும் பெருகிவரும் ஈழத்துச் சூழலில் இது இலக்கியத் திறனாய்வின் வினாவுமாகும். ஏனெனில் இவ்வெழுத்துக்கள் யாவும் இளமை நினைவையே முதலாகக் கொண்டு எழுவன. அம்முதல் எவ்வாறு சேர்ந்தது, அதில் எது விடுபட்டது என அறியாது அவற்றை மதிப்பிடல் இயலாது. எனவே உளவியலார் கண்டவற்றைச் சுருக்கமாக நோக்கி, புறநானூற்றுப் பாடலொன்றையும் ஆங்கில எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃபின் நினைவுக் கட்டுரையொன்றையும் ஒப்பிட்டு, அவற்றாற் பெறப்படும் கருத்தை மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறையின் அண்மைக்கால வரலாற்றில் வைத்துச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

குழந்தைப் பருவ மறதியை ஆய்வுக்குரிய பொருளாக உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் சிக்மண்ட் பிராய்ட். 1899 இல் எழுதிய கட்டுரையொன்றில், அற்பமானதாகத் தோன்றும் இளமை நினைவு வேறொரு முக்கியமான நினைவை மூடிநிற்கும் திரையாக இருக்கலாம் என்றார். 1905 இல் வெளிவந்த நூலில், முதல் ஆண்டுகளின் மறதிக்கு உள்ளத்தின் அடக்குமுறையே காரணம் எனக் கூறினார். அவர் கருத்துப்படி அந்நினைவுகள் அழியவில்லை, அடைக்கப்பட்டுள்ளன.

பின்வந்த ஆய்வாளர் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்றாரல்லர். 2014 இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஹிப்போகாம்பஸ் எனப்படும் மூளைப்பகுதியிற் புதிய நரம்புக் கலங்கள் விரைந்து தோன்றுவதே பழைய பதிவுகளைக் குலைக்கின்றது என்பதை எலிகள் முதலிய விலங்குகளிற் கண்டு காட்டினர். வளர்ச்சியே மறதியின் காரணமாகின்றது என்னும் இம்முடிவு வியப்பைத் தருவதாகும். நியூசிலாந்தைச் சேர்ந்த கப்ரியல் சிம்கொக், ஹார்லீன் ஹெய்ன் ஆகிய இருவரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வாயிலைத் திறந்தது. பொம்மைகளைச் சிறிதாக்குவது போலத் தோன்றும் பொறியொன்றைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டி, பல திங்கள் கழித்து அதுபற்றி அவர்கள் வினவினர். குழந்தைகள் அப்பொறியைச் செயலால் ஓரளவு நினைவுகூர்ந்தனர். ஆயின் அதனைச் சொல்லும்போது, நிகழ்ச்சி நடந்த காலத்திற் தாம் அறிந்திராத சொற்களை, இடையிற் கற்றிருந்தும், பயன்படுத்தவில்லை. மொழிக்கு முந்திய அனுபவம் பின்னர் வந்த மொழியினுட் புகவில்லை என்பதே இதன் பொருள்.

மொழியே நினைவின் வாயில் எனின், அம்மொழி யாரோடு பேசப்படுகின்றது என்னும் வினா அடுத்து எழும். கதரின் நெல்சன், ரொபின் பிவுஷ், எலைன் றீஸ் முதலியோரின் ஆய்வுகள் இதற்கு விடையளித்தன. நடந்தவற்றைக் குழந்தையோடு விரிவாகப் பேசும் தாயரின் பிள்ளைகள் பிற்காலத்திற் கூடுதலான இளமை நினைவுகளைக் கொண்டிருத்தல் கண்டறியப்பட்டது. நியூசிலாந்தில் 2000 ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், மவோரி இனத்தவரின் முதல் நினைவு ஏனையோரின் முதல் நினைவைவிட இளைய வயதுக்கு உரியதாக இருந்தது. முன்னோர் கதையையும் பிறப்பின் கதையையும் வாய்மொழியாற் பேணும் பண்பாடு அவர்களுடையது என்பது இங்குக் கருத்திற் கொள்ளற்பாலது.

இவையெல்லாவற்றுக்கும் முன்னரே, 1925 இல், மொறிஸ் ஆல்ப்வாக்ஸ் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் இதன் அடிப்படையை வகுத்திருந்தார். தனிமனிதன் நினைவுகூர்வது தன் குழுமத்தின் சட்டகத்துள் நின்றே. குழுமத்தை விட்டு நீங்குபவன் அக்குழுமத்தோடு கொண்டிருந்த நினைவுகளையும் படிப்படியாக இழப்பான் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை வகுத்தவர் 1945 இல் நாசிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் உயிர்நீத்தார்.

சுருங்கக் கூறின், இளமை நினைவு ஒன்று நிலைபெற மூன்று துணைகள் வேண்டும்: அதனைத் தாங்கும் சொல், அதனைக் கட்டிவைக்கும் இடம் அல்லது பொருள், அதனைக் கேட்கும் மனிதர். நிகழ்ச்சியின் கடுமை இம்மூன்றுக்கும் பதிலாகாது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

3

தமிழ் இலக்கியத்தில் இளமை நினைவின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று புறநானூற்றின் 243 ஆம் பாடல். முதுமையுற்ற ஒருவர், கோலூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்கள் பேசும் நிலையில், தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். அவர் கூறுவன இரண்டே காட்சிகள். மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்து விளையாடியமை ஒன்று. நீரை நோக்கித் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்நீரிற் குதித்து, அடியிலிருந்து மணல் அள்ளி வந்தமை மற்றொன்று.

இப்பாடல் பொதுவியல் திணையிற் கையறுநிலைத் துறையாக வகுக்கப்பட்டுள்ளது. மன்னனோ வள்ளலோ இறந்தபோது அவனைச் சார்ந்தோர் செயலற்று இரங்குவதே பெரும்பாலும் கையறுநிலையாக அமையும். இங்கோ பாடுபவரின் இளமையே இறந்த பொருளாகின்றது. பாடியவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் வரும் கோலினை வைத்தே அவர் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்படுகின்றார். பெயர் அழிந்தது, ஊர் அழிந்தது, குதித்த கிளையும் அள்ளிய மணலும் ஈராயிரம் ஆண்டளவாக நிற்கின்றன. இளமை நினைவின் விந்தையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இப்பாடலை இழந்த இளமைக்கான பொதுவான ஏக்கமாகக் கொள்வதே வழக்கம். அது பிழையன்று, ஆயின் போதியதுமன்று. ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ வளர்ந்த சிறுவன் ஒருவன் நூறுமுறை நீரிற் குதித்திருப்பான். அந்நூறும் ஒன்றோடொன்று கலந்து மறைந்திருக்க, ஒன்று மட்டும் நின்றது ஏன்? பாடலே இதற்கு விடை தருகின்றது. கரையில் மனிதர் நின்றனர், அவர்கள் வியந்தனர், சிறுவன் ஆழத்தைத் தொட்டமைக்குச் சான்றாகக் கையில் மணல் இருந்தது. நீருள் நிகழ்ந்ததை எவரும் கண்டிலர். மணலை உயர்த்திக் காட்டியபோதே அது பலர் அறிந்த நிகழ்ச்சியாயிற்று. மேற்கூறிய மூன்று துணைகளும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. மருதமும் மணலும் இடத்தையும் பொருளையும் தந்தன. கரையில் நின்றோர் காட்சிக்குச் சாட்சியாயினர். அவர்தம் வியப்பு அதனைச் சொல்லாக்கியது.

பாடலின் துயரும் இவ்விடத்திலிருந்தே எழுகின்றது எனலாம். முதியவர் இழந்தது உடல் வலிமையை மாத்திரமன்று. அன்று கரையில் நின்றோர் இன்று இல்லை. சில சொல்லும் இருமலிடையே வருகின்றது. நினைவைச் சுமக்கும் சொல்லும் அதனைக் கேட்போரும் ஒருசேரக் குன்றும் நிலையே அவரது கையறவு.

4

வேர்ஜீனியா வூல்ஃப் 1939, 1940 ஆம் ஆண்டுகளில், போர்ச்சூழலில், தம் இளமை குறித்து எழுதிய நீண்ட கட்டுரை அவர் மறைவின் பின் 1976 இல் அச்சேறியது. பயணமொன்றில் தாயின் மடியிலிருந்து அவரது கரிய ஆடையிற் கண்ட செந்நிற, ஊதாநிறப் பூக்களே தம் முதல் நினைவு என்கின்றார். சென் ஐவ்ஸ் என்னும் கடலோர ஊரில், குழந்தைகள் அறையிற் படுத்திருந்து அலையோசை கேட்டமை அடுத்த நினைவு. இவற்றினும் முக்கியமான எத்தனையோ நிகழ்ச்சிகள் மறைந்துவிட, இவை நின்றமைக்குக் காரணம் யாது என அவரே வினவுகின்றார். வாழ்நாளின் பெரும்பகுதி உணர்வற்ற வெறுமையாகவே கழிகின்றது. திடீரென உள்ளத்தை அதிரச் செய்யும் கணங்களே நிற்கின்றன என்பது அவரது விடை.

இவ்விடை அழகியது, ஆயின் பாதி உண்மையே. தாயின் ஆடைப் பூக்களில் அதிர்ச்சி எதுவும் இல்லை. சென் ஐவ்ஸில் அக்குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. 1894 வரை கோடைதோறும் அவர்கள் அங்குச் சென்றனர். நினைவைக் கட்டிவைக்கும் இடம் ஆண்டுதோறும் அவர்கள் கண்முன் இருந்தது. 1895 இல் தாய் இறந்தபின் தந்தை லெஸ்லி ஸ்டீபன் தம் மனைவியைப் பற்றிய நினைவுகளைப் பிள்ளைகளை விளித்து எழுதினார். உடன்பிறந்தோர் பலர், எல்லோரும் பேசத் தெரிந்தவர், எழுதத் தெரிந்தவர். வூல்ஃபின் நினைவுகளைச் சுற்றிலும் கரையில் நின்றோர் பலர் இருந்தனர் என்பதை அவரது விளக்கம் கணக்கிற் கொள்ளவில்லை.

எனினும் அவரது கட்டுரை இக்கட்டுரையின் கருத்துக்கு ஒரு மறுப்பையும் தருகின்றது. சிறுபிராயத்தில் தாயின் முதல் மணத்திற் பிறந்த சகோதரர் ஒருவராற் தமக்கு இழைக்கப்பட்ட தீங்கையும் அவர் அதிற் கூறுகின்றார். பேசுதற்கரிய அந்நிகழ்ச்சியின் நினைவு அரை நூற்றாண்டு நின்றுள்ளது. எனவே பேசப்படாதது யாவும் அழிந்தே தீரும் என்பது விதியாகாது. அச்சமும் அவமானமும் சிலவற்றைச் சொல்லின் துணையின்றியே பிடித்து வைத்திருக்கும். ஆயின் அவ்வாறு நிற்பது பெரும்பாலும் முன்னும் பின்னும் அற்ற துண்டாகவே நிற்கின்றது. வாழ்க்கையின் தொடர்ச்சியில் அதற்கு ஓர் இடம் கிடைப்பது, கேட்பாரை எண்ணி அது சொல்லப்படும் போதேயாகும்.

5

வேர்ஜீனியாவின் கணவர் லெனாட் வூல்ஃப், இலங்கைக் குடியியற் சேவையில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய காலத்தில், 1906 இல் மறிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பின் மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டார். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என வடக்கிலிருந்து தெற்காக நீளும் இக்கரையே இலங்கை முத்தின் பழம்பெரும் கரை. சிலாவத்துறை என்னும் ஊர்ப்பெயரை, முத்துக்குளிப்பைக் குறிக்கும் சிலாபம் என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவோரும் உளர். முத்துப்படுகை விளைந்த ஆண்டுகளில் இக்கரையிற் கிடுகுக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும். தமிழகக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாளர் வருவர். குளிப்பு முடிந்ததும் நகரம் கலைந்துபோகும்.

இக்காட்சியை லெனாட் வூல்ஃப் 1961 இல் வெளியிட்ட 'குறோயிங்' என்னும் தன்வரலாற்று நூலில் விவரித்துள்ளார். ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் அவர் அதனை எழுதுவதற்கு, அக்காலத்தில் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் துணைபுரிந்தன. அதே ஆண்டில் அதே கரையிற் சிப்பி பொறுக்கித் திரிந்த சிறுவரும் இருந்திருப்பர். அவர் நினைவைத் தாங்க எழுத்து இருக்கவில்லை. முத்துக்குளிப்பு ஓய்ந்தபின் அதனைக் கட்டிவைக்கும் நிகழ்ச்சியும் இருக்கவில்லை. ஆதலின் அதிகாரியின் நினைவு நூலாயிற்று. கரையோரச் சிறுவரின் நினைவு ஊர்ப்பெயரின் ஓசையளவிற் சுருங்கிற்று. முன்னது பெரிது, பின்னது சிறிது என்பதன்று இதன் பொருள். எந்நினைவுக்குத் துணை வாய்த்தது என்பதே வேறுபாடு.

இவ்வேறுபாடு வெறும் பழங்கதையன்று என்பதை அதே கரையின் பிற்கால வரலாறு காட்டுகின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வேரறுக்கப்பட்டனர். சிலாவத்துறையும் அதனைச் சூழ்ந்த முசலிப் பிரதேசத்து முஸ்லிம் ஊர்களும் வெறிச்சோடின. வெளியேற்றப்பட்டோரிற் பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் ஓலைக்கொட்டில் முகாம்களில் அகதிகளாயினர்.

அவ்வேளை மூன்று, நான்கு, ஐந்து வயதினராயிருந்த பிள்ளைகளின் நினைவு எத்தகையது? அமெரிக்காவில் ஜோநெல் அஷர், உல்ரிக் நைசர் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடன்பிறப்பின் பிறப்பையும் மருத்துவமனை வாசத்தையும் இரண்டு வயதிலிருந்தும், வீடு மாறுதலையும் குடும்பத்தில் நேர்ந்த மரணத்தையும் மூன்று வயதிலிருந்தும் நினைவுகூர்தல் கூடும். ஒரு வீட்டைவிட்டு மற்றொரு வீட்டுக்குச் செல்வதே நினைவில் நிற்கும் எனின், ஓர் ஊர் முழுவதும் ஒருசேரப் பெயர்வது நிற்பதில் வியப்பில்லை. ஆயின் அது நின்றதற்கு அதன் கொடுமை மட்டுமே காரணமன்று. முகாமில் வாப்பாவும் உம்மாவும் அயலாரும் அதனையே நாள்தோறும் பேசினர் எனக் கொள்ளுதல் பொருத்தமானது. எல்லோரும் கடந்துவந்த நிகழ்ச்சிக்கு எல்லோரும் சாட்சியாவர். பிள்ளை தான் கண்டதையும் கேட்டதையும் பிரித்தறியாத அளவுக்கு அது சொல்லப்பட்டிருக்கும்.

சர்வதேசப் பல்கலைக்கழகங்களிற் பணியாற்றிய மானிடவியலாளர் சாரிகா திராணகம 2011 இல் வெளியிட்ட 'இன் மை மதர்ஸ் ஹவுஸ்' என்னும் நூலில், புத்தளத்தில் வாழ்ந்த வடபுல முஸ்லிம்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளார். பெற்றோர் தலைமுறை விட்டுவந்த இடத்தை ஊர் என்க, புத்தளத்தில் வளர்ந்த தலைமுறைக்கு அம்முகாம்களே வாழ்ந்த ஊராக அமைந்தமையையும், வடபுல முஸ்லிம்கள் என்னும் அடையாளமே வெளியேற்றத்தின் வழி உருப்பெற்றமையையும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். இம்முடிவை நினைவின் நோக்கிற் தொடர்ந்து செல்லின் ஒரு கசப்பான உண்மை புலனாகும். வெளியேறிய நாள் ஒரு சமூகத்தின் தொடக்கக் கதையாகும்போது, அதற்கு முந்திய நாள்கள் கதையின் முன்னுரையாகச் சுருங்குகின்றன. வெளியேற்றம் நிற்கின்றது, வெளியேற்றத்துக்கு முந்திய சாதாரண வாழ்வு மறைகின்றது. கிணற்றடி, பள்ளிக்கூடப் பாதை, கருவாட்டு மணம், பெருநாளிலும் கிறிஸ்மஸிலும் வேலி கடந்து சென்ற பலகாரத் தட்டு ஆகியவற்றைப் பேச முகாமில் நேரமும் இல்லை. சுட்டிக்காட்ட இடமும் இல்லை.

6

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். பலர் வாயில் அடிபட்ட நினைவு உண்மை எனக் கொள்ளத்தக்கதா? 1986 இல் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் மாணவர் எழுதித் தந்தவற்றை, சில ஆண்டுகளின் பின் அதே மாணவர் கூறியவற்றோடு ஒப்பிட்ட நைசரும் நிக்கோல் ஹார்ஷும், உறுதியோடு கூறப்பட்டவற்றிலும் பெரும் பிழைகள் இருந்தமையை 1992 இற் காட்டினர். நடவாத ஒன்றைக் குடும்பத்தார் கூற்றாக எடுத்துரைத்து, சிலரை அதனை நினைவுகூரச் செய்யலாம் என எலிசபெத் லொஃப்டஸ் 1995 இல் நிறுவினார். எனவே பேச்சு நினைவைக் காப்பது போலவே அதனைத் திரிக்கவும் வல்லது.

இதனைக் காட்டி இடம்பெயர்ந்தோரின் நினைவுகளை ஐயுறுவார் உளராயின், அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எந்த நாள், எந்த நேரம், எவர் எதனைச் சொன்னார் என்பதில் நினைவு தவறலாம். ஓர் ஊர் இருந்தது, அதில் மக்கள் வாழ்ந்தனர் என்பதிற் பலர் நினைவு ஒருங்கே தவறுதல் அரிது. 2009 இற் போர் முடிந்தபின் முசலிக்குத் திரும்பியோர் வீடு இருந்த இடத்திற் காட்டையே கண்டனர். உறுதிகளையும் ஆவணங்களையும் இழந்தோர் பலர். சிலாவத்துறையில், 2007 செப்டெம்பரில் அரச படையினர் அதனைக் கைப்பற்றியபின் அமைந்த கடற்படை முகாம் குடியிருப்புக் காணிகளைத் தன்னகப்படுத்தியிருந்தது. 2017 இல் முசலிப் பிரதேசத்தின் பெரும்பரப்பு மாவில்லு வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வரைபடம் காடு என்று கூறிய இடத்தை ஊர் என்று கூறுவதற்கு, சிறுவயதிற் கண்ட ஒரு கிணறும் ஒரு மரமுமே பலருக்குச் சான்றாயின. தொடித்தலை விழுத்தண்டினாரின் கைப்பிடி மணல் இங்குக் காணிக்கான சான்றாக மாறி நின்றது. நினைவு ஏக்கத்தின் பொருளாக மாத்திரமன்றி உரிமையின் பொருளாகவும் ஆகும் நிலை இது.

ஆயின் மணலை உயர்த்திக் காட்டினால் மட்டும் போதாது. அதனைக் கண்டவர் கரையில் நிற்றல் வேண்டும். 1990 இற் கரையில் நின்றவர் யார்? அயலிலிருந்த தமிழ்க் குடும்பங்கள். அவ்வீடுகளிலும் மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் இருந்தனர். உடன் விளையாடியவன் ஒருநாள் இல்லாமற் போனதை அவர்களும் கண்டனர். அவர்கள் நினைவு எவ்வாறாயிற்று?

வெளியேற்றத்தைக் கண்டித்து எழுதிய தமிழ்க் கவிஞரும் அறிஞரும் இல்லாமலில்லை. எனினும் புலிகளின் ஆட்சியில் அதனைப் பகிரங்கமாகப் பேசுதல் உயிருக்கு ஆபத்தானதாக இருந்தது. வீதியிற் பேச இயலாதது வீட்டிலும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படும். பிள்ளை காதிற் படாதவாறு பேசப்படும். காலப்போக்கிற் போரும் இடப்பெயர்வும் அவ்வீடுகளையும் தாக்கின. முசலியின் முள்ளிக்குளத்துத் தமிழ் மக்கள் 2007 இல் வெளியேற்றப்பட்டு, அவர்தம் ஊர் கடற்படைத் தளமாகியது. 2017 இலேயே ஒரு பகுதியினர் திரும்பும் வழி பிறந்தது. சொந்தத் துயர் பெருகியபோது பிறர் துயரைக் கண்ட நினைவு பின்தள்ளப்பட்டது. குழந்தைப் பருவ நினைவு பற்றி மேலே கூறப்பட்டன உண்மையாயின், இதன் விளைவு தெளிவு. கேட்போரும் சொல்வோருமற்ற அந்நினைவு, கண்ட பிள்ளைகளின் உள்ளத்திலேயே மங்கியிருத்தல் வேண்டும். அது அவர்கள் குற்றமன்று. ஆயின் அவர்களைச் சூழ்ந்திருந்த பெரியோரின் மௌனம், ஒரு நிகழ்ச்சியின் சாட்சிகளைச் சாட்சியல்லாதோராக்கிவிட்டது என்பதை மறுத்தல் இயலாது.

ஆக ஒரே ஊரின் ஒரே நாள் இரு பகுதியாருள் இருவேறு கதியை அடைந்தது. ஒரு பகுதியாருக்கு அது அழியாத தொடக்கமாயிற்று; மறு பகுதியாருக்கு அது நிகழாதது போலாயிற்று. இருவரும் ஒருங்கே இழந்தது, அந்நாளுக்கு முன் ஒன்றாக வாழ்ந்த காலம்.

7

மேற்கூறியவற்றாற் திறனாய்வாளர்க்குச் சில கடப்பாடுகள் பெறப்படும். இளமை நினைவை எழுதும் படைப்பொன்றை, அதன் உணர்ச்சி வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுதல் தகாது. கடுமையான நிகழ்ச்சி தானே நிற்கும், நின்றதெல்லாம் முக்கியமானது, மறைந்ததெல்லாம் அற்பமானது என்னும் எடுகோளே அவ்வளவுகோலின் அடியில் உள்ளது. அவ்வெடுகோள் தவறானது. நினைவு எவரிடத்துச் சொல்லப்பட்டது, எவ்விடத்தை அல்லது பொருளைப் பற்றி நின்றது, எதனைச் சொல்லாது விட்டது என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள். மூன்றாவது வினாவே அருமையானது. ஏனெனில் இல்லாததைக் காண்பதற்கு, இருந்திருக்கக்கூடியதைப் பற்றிய அறிவு வேண்டும்.

இடப்பெயர்வு இலக்கியம் வெளியேறிய நாளை மீண்டும் மீண்டும் எழுதுதல் இயல்பே, தேவையானதுமாகும். ஆயின் அந்நாளுக்கு முந்திய சாதாரண நாள்களை எழுதுதல் அதனினும் கடினமானது. அவற்றை எழுதத் தனி ஒருவரின் நினைவு போதாது. அயலாரின் நினைவும் வேண்டும். சிலாவத்துறையின் முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் தம் சிறுபிராயத்துத் தெருவை எழுதும்போது, அத்தெருவின் மறுகரையில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் நினைவும் அதனோடு சேர்ந்தாலே தெரு முழுமையாகும். அதற்கு வாய்ப்புள்ள காலமும் நீண்டதன்று. 1990 இல் ஐந்து வயதினராயிருந்தோர் இன்று நடுவயதைக் கடந்து செல்கின்றனர். அன்று பெற்றோராயிருந்தோரிற் பலர் மறைந்துவிட்டனர்.

பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் இன்று அமரும் மாணவர் எவருக்கும் 1990 பற்றிய சொந்த நினைவு இல்லை. வெளியேற்றப்பட்டோரின் பிள்ளைகளும் கரையில் நின்றோரின் பிள்ளைகளும் அங்கு ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே புறநானூற்றைக் கற்கின்றனர். ஒருவர் வீட்டில் ஓயாது சொல்லப்பட்ட கதையை மற்றவர் வீட்டில் எவரும் சொன்னதில்லை. நினைவு இயற்கையாக வந்து வாய்ப்பதன்று, கேட்போர் உள்ளவிடத்தே நிலைபெறுவது என்னும் உண்மை இவர்களுக்கு ஒரு பணியை விதிக்கின்றது. தத்தம் வீட்டு முதியோரிடம் வெளியேறிய நாளைப் பற்றி மட்டுமன்றி, அதற்கு முந்திய நாள்களைப் பற்றியும், அயல்வீட்டாரின் பெயர்களைப் பற்றியும் அவர்கள் வினவுதல் வேண்டும். கேட்டதை ஒருவர்க்கொருவர் சொல்லுதல் வேண்டும். அம்முதியோர் இன்னும் சில சொற்கள் பேச வல்லவராக இருக்கும்போதே அது நிகழ வேண்டும்.